அப்பாவின் வண்டிக்கு லாரி ஹாரன்

போன வாரம் எங்கள் குடியிருப்பில் ஒரு சின்னச் சண்டை. மேல் வீட்டுக்குக் குடிவந்த புதுமாப்பிள்ளை தன் பைக்கில் இருந்த ஹாரனைக் கழற்றிவிட்டு, பஸ்ஸுக்கு வைப்பது போன்ற ஒன்றை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். காலையில் அவர் கேட்டைத் தாண்டும்போது ஒரு தடவை அடித்தால் போதும், மூன்றாவது மாடியில் குக்கர் எத்தனை விசில் விட்டது என்பதே மறந்துபோகிறது. கீழே பெஞ்சில் உட்காரும் நம் வயசுக்காரர்கள் கூடிப் பேசினார்கள். "திமிருங்க, வேறொண்ணுமில்ல" என்றார் ஒருவர். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. மாப்பிள்ளைக்குப் பரிந்துகொண்டு அல்ல. அவருடையது திமிராகவே இருக்கலாம். பத்து வயசில் இதே வார்த்தையை இதே காரணத்துக்காக எங்கள் சந்தில் நிறையக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அதைச் சொன்னது என் அப்பாவைப் பற்றி.

கணபதி ஏரியாவில் அந்தச் சந்து எப்படி இருக்கும் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். முன்னறையில் லேத்து ஓடும், பின்னறையில் குடும்பம் இருக்கும். வாசல் கூட்டினால் குப்பையோடு சுருள் சுருளாக இரும்புச் சீவலும் வரும். வெறுங்காலில் ஓடி அதை மிதித்து அழாத பிள்ளை அங்கே கிடையாது. துவைத்துக் காய்ந்த பாவாடையில்கூட லேசாக எண்ணெய் வாசம் அடிக்கும்.

அப்பாவுக்குச் சொந்த லேத்து இல்லை. பவுண்டரியில் வேலை. உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றி எடுக்கிற பம்பு செட்டுகள் வெளியே வரும்போது மண்ணும் பிசிறுமாக இருக்கும். அதை உளியாலும் சுத்தியலாலும் அடித்து, கிரைண்டரில் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்பாவுக்கு அந்த வேலைதான். சாயங்காலம் வரும்போது புருவத்திலும் காது மடலிலும் கறுப்புப் பொடி படிந்திருக்கும். அம்மா வெந்நீர் வைத்துக் காத்திருப்பாள்.

எனக்குப் பத்து வயசான வருஷம் கோடையில் அப்பா ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினார். எங்கள் சந்தில் கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டு முன்னால் நின்ற முதல் மோட்டார் சைக்கிள். மெரூன் நிறம். முன்னால் ஓட்டியவருடைய முட்டி உரசி உரசி டேங்க்கின் இரண்டு பக்கமும் பெயின்ட் போய்த் தகடு மின்னும். நான் டேங்க் மேல் உட்கார்ந்து கைப்பிடியின் நடுவைப் பிடித்துக்கொள்வேன். வெயிலில் நின்ற வண்டி என்றால் தொடை பொசுங்கும். அம்மா துண்டை மடித்துப் போடுவாள்.

வண்டி வந்த பிறகுதான் பேச்சு ஆரம்பித்தது. அப்பா யாருக்கும் பதில் சொல்வதில்லை என்று. சைக்கிளில் போன காலத்தில் "வேலைக்குங்களா?" என்று யாராவது கேட்டால் இறங்கி நின்று பேசுகிற மனுஷர், இப்போது கூப்பிடக் கூப்பிடப் போய்க்கொண்டே இருக்கிறார். எதிர்வீட்டில் ஓர் அத்தை இருந்தாள். சொந்தம் இல்லை, கூப்பிடுகிற முறைதான். அவள் அம்மாவிடமே கேட்டுவிட்டாள்.

"வண்டி வந்ததும் உங்கூட்டுக்காரருக்குத் தலைக்கனம் வந்திருச்சா அம்மணி? நேத்துக் கடைல நின்னு கூப்படறேன், திரும்பிக்கூடப் பாக்கல."

"ஏதாச்சும் ரோசனைல இருந்திருப்பாருங்க்கா" என்றாள் அம்மா.

ஆனி பிறந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று இறங்கியது. அந்தக் காற்றில் கூரைத் தகரம் நாள் முழுக்கப் படபடக்கும், கொடியில் போட்ட துணி அடுத்த சந்தில் கிடக்கும். பள்ளிக்கூடம் திறந்திருந்தது. அப்பா என்னை வண்டியில் கொண்டுபோய் விடுவார். ஒரு நாள் முக்குத் திரும்பும்போது எதிரே வந்த சைக்கிள்காரர் மேல் மோதப் பார்த்தோம். அப்பா ஓரமாக நிறுத்தி ஹாரன் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"சத்தமே வரமாட்டேங்குதே."

"கேக்குதுங்கப்பா" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்த பிறகு இன்னொரு தடவை சொன்னேன்.

"காத்து அடிச்சுட்டுப் போயிருது கண்ணு. எனக்கே கேக்கலைன்னா எதுக்க வர்றவனுக்கு எப்படிக் கேக்கும்?"

நியாயமாகத்தான் பட்டது. முன்னால் உட்கார்ந்திருப்பதால் எனக்கு மட்டும் கேட்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உக்கடத்துக்குப் போனோம். அங்கே பேட்டரிக் கடை வைத்திருந்த பாய் ஒருவர் வண்டிகளுக்கு வயரிங் வேலையும் செய்வார். கடைக்குள் நுழைந்ததும் ஆசிட் நெடி மூக்கில் ஏறும். பற்றவைக்கிற ஈயத்தின் புகை விட்டத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். பாய் எங்கள் வண்டியின் ஹாரனை அடித்துப் பார்த்தார். எதிரே டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"நல்லாத்தானே கத்துது. இதுக்கு மேல என்னண்ணா வேணும்?"

"பத்தலைங்க பாய். லாரிக்கு வெக்கற மாதிரி வேணும்."

"லாரி ஹாரன் வெச்சா உங்க பேட்டரி தாங்காது. அடிக்கறப்பெல்லாம் லைட்டு மங்கிரும்."

"மங்கட்டுங்க."

பாய் அதற்குமேல் வாதாடவில்லை. பெரிய பேட்டரியும், நத்தை ஓடு போலச் சுருண்ட ஒரு ஜோடி கறுப்பு ஹாரனும் எடுத்துவந்தார். பழைய ஒயரைப் பிடுங்கிவிட்டுத் தடித்த ஒயர் போட்டார். திருகாணிகளை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுவார். ஒன்றுகூடக் கீழே விழாது. மாட்டி முடித்ததும் ஹாரனின் முதுகில் இருந்த ஒரு சின்னத் திருகைத் திருப்பித் திருப்பி அடித்துக் காட்டினார். திருகத் திருகச் சத்தத்தின் குரல் மாறியது. ஒரு தடவை யானை, ஒரு தடவை கன்றுக்குட்டி, ஒரு தடவை எண்ணெய் போடாத இரும்புக் கதவு. நான் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அப்பா சிரிக்கவில்லை. குந்தி உட்கார்ந்து ஹாரனின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். பாய் அடிக்க அடிக்கக் கையை எடுக்காமல், அம்மா தோசைக்கல்லில் சூடு பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "இது சரிங்க, இப்படியே உட்டுருங்க" என்றார். அத்தனையிலும் அதுதான் கேட்கச் சகிக்காத சத்தம். பாய் அப்பாவைப் பார்த்தார். பிறகு கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "சரிண்ணா" என்றார்.

மறுநாள் காலை எங்கள் சந்து என்ன பாடுபட்டது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். தொட்டிலில் தூங்கிய குழந்தை அலறியது. கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. மூன்று வீடு தள்ளி லேத்து ஓட்டுகிற மாமா கை பதறி, வெட்டிக்கொண்டிருந்த திருகு மரையைக் கெடுத்துவிட்டார். சாயங்காலம் நாலைந்து பேர் சேர்ந்து வந்து, சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள், எல்லாம் 'ங்க' போட்டு. அப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். புன்னகையோடு தலையாட்டினார். "சரிங்க, சரிங்க" என்றார். மறுநாளும் அதே ஹாரன்தான். சிரித்துக்கொண்டே செய்கிறான் பார், திமிரு பார் என்று ஆகிவிட்டது.

அந்த வாரம்தான் அம்மா கிளம்பினாள். "நானும் வாரேன்" என்று ஒரு காலையில் வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு இரண்டு பேரும் பவுண்டரிக்குப் போவார்கள். அங்கிருந்து அம்மா நடந்தே வீட்டுக்கு வருவாள். சாயங்காலம் மறுபடி நடந்து போய் கேட் முன்னால் நிற்பாள். மழைச் சாரல் அடித்தாலும் போவாள். காய்ச்சல் வந்த நாளும் போனாள்.

பவுண்டரியில் அச்சுக்கு மண் பிடிக்கிற வேலையில் பெண்கள் சிலர் இருந்தார்கள். அப்பாவைச் சேர்த்துவைத்துப் பேச அது போதாதா? எதிர்வீட்டு அத்தை என்னை நிறுத்திக் கேட்டாள்.

"ஏங்கண்ணு, உங்கம்மா எதுக்குத் தெனமும் உங்கப்பன் பின்னாலயே போறா?"

"தெரியலைங்கத்தே."

"போகாம என்ன பண்ணுவா, பாவம்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அந்தப் 'பாவம்' எனக்குப் புரிந்தது. அந்த வயசில் நமக்கு எல்லாம் புரியும், தப்பாகத்தான் புரியும். அம்மாவின் காதிலும் அது விழுந்துதான் இருக்கும். அவள் யாரிடமும் மறுத்துப் பேசவில்லை.

டேங்க் மேல் இருந்த எனக்கு வேறு ஒன்றும் தெரிந்தது. பின்னால் பஸ் வரும். அப்பா கண்ணாடி பார்க்காமலே இடது பக்கம் ஒதுங்குவார். திரும்பிப் பார்த்தால் அம்மாவின் கை அவருடைய தோளில் இருக்கும். விரல் மட்டும் லேசாக அழுந்தியிருக்கும். விடிகாலையில் மில் சங்கு ஊதும்போது ஊரே எழுந்துகொள்ளும். எங்கள் வீட்டில் அப்பா எழுவதில்லை. அம்மா போய் அவர் காலைத் தொடுவாள். இரண்டையும் பார்த்திருக்கிறேன். சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனைமலைக்குக் கிளம்பினோம். என் சித்தியை அங்கே கட்டிக்கொடுத்திருந்தது. அத்தை வாசலில் நின்று பார்த்தாள். "மாசாணியம்மனுக்கு மொளகா அரைக்கப் போறாளாட்ட இருக்குது" என்று அவள் சொன்னது காற்றில் என் பக்கம் வந்தது. அந்தக் கோயில் கல்லில் மிளகாய் அரைத்தால், நமக்குக் கெடுதல் செய்தவர்களை அம்மன் கேட்பாள் என்பது உங்களுக்குத் தெரியும். யாரென்றே தெரியாத ஒரு பெண் மேல் அம்மா மிளகாய் அரைக்கப் போகிறாள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

கிணத்துக்கடவு தாண்டியதும் காற்று வலுத்தது. மேற்கிலிருந்து அடித்து வண்டியையே ஓரமாகத் தள்ளியது. இரண்டு பக்கமும் தென்னை மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. அம்மாவின் மடியில் சித்திக்குச் செய்த முறுக்கு டப்பா. ஒரு கையால் அதை அணைத்திருந்தாள். முந்தானை பறந்து முகத்தை மூட, தோளில் இருந்த கையை எடுத்து அதை இழுத்தாள்.

பின்னால் லாரி வந்தது. ஹாரன் அடித்தது. விடாமல் அடித்தது. "அப்பா, லாரி" என்று கத்தினேன். முன்னால் ஒரு மாட்டு வண்டி. அதைத் தாண்டுவதற்காக அப்பா நிதானமாக, எந்தப் பதற்றமும் இல்லாமல், வலது பக்கம் ஒடித்தார். அதே நேரம் லாரி எங்களைத் தாண்ட வந்துவிட்டது. டயர் தேய்கிற சத்தம் கேட்டது. லாரி ரோட்டுக்கு வலது பக்கம் மண்ணில் இறங்கி நின்றது. எங்கள் வண்டி இடது பக்கம் சறுக்கிப் புல்லில் சாய்ந்தது. எனக்கு முட்டி தேய்ந்தது. முறுக்கெல்லாம் மண்ணில் உருண்டது. வேறு எதுவும் ஆகவில்லை. இன்றைக்கும் அந்த ரோட்டில் போகும்போது அந்த இடம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுகிறேன்.

லாரி டிரைவர் இறங்கி ஓடிவந்தார். அப்பா அவருக்கு முதுகைக் காட்டியபடி என்னைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"யோவ், எத்தனை நேரமா ஹாரன் அடிக்கறேன். காது என்ன செவிடா?"

அம்மா எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஆமாங்ணா" என்றாள். "அவருக்குக் காது கேக்காதுங்க."

ரோட்டில் தினமும் யாராவது யாரையாவது கேட்கிற கேள்விதான் அது. பதில் வரும் என்று நினைத்து யாரும் கேட்பதில்லை. டிரைவர் கையை லுங்கியில் துடைத்தார். பிறகு எங்கள் வண்டியின் முன்னால் இருந்த ஜோடி ஹாரனைப் பார்த்தார்.

"அப்புறம் எதுக்குங்க்கா இத்தாப்பெரிய ஹாரன்?"

அம்மா சாய்ந்து கிடந்த வண்டியைத் தூக்கக் குனிந்தாள். டிரைவரே வந்து அதைத் தூக்கி நிறுத்தினார். லாரியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து என் முட்டியைக் கழுவினார். "மெல்லமாப் போங்க" என்று அம்மாவிடம் சொன்னவர், அப்பாவிடம் சொல்ல வாயெடுத்து, கையை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

அப்பா எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். லாரி போனதும், "என்ன சொன்னான்?" என்று கேட்டார்.

அம்மா என்ன சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருப்பார். வழி கேட்டார் என்று சொல்லியிருக்கலாம். அவள் அவருக்கு நேராக வந்து நின்றாள்.

"காது கேக்காதான்னு கேட்டாருங்க. ஆமான்னு சொல்லிப்போட்டேன்."

அவள் வாய் அசைந்து முடிகிறவரை அப்பா பார்த்தார். பக்கத்தில் ஒரு சின்னப் பாலம் இருந்தது. அதன் சுவரில் போய் உட்கார்ந்தார். நான் முறுக்கை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மண்ணை ஊதிக்கொண்டிருந்தேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"சங்கு ஊதியும் நீங்க எந்திரிக்காமப் படுத்திருந்தீங்களே, அன்னைக்கேங்க."

"அது வண்டி வாங்கறதுக்கு முன்னாடி."

"ஆமாங்க."

"உனக்குத் தெரியக்கூடாதுன்னுதான் நான் சொல்லாம இருந்தேன்."

"எனக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு நானும் சொல்லலைங்க."

அப்புறம் அப்பா பேசினார். அவர் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டது அன்றுதான். உருக்கிய இரும்பைத் தொட்டியில் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் "வழி, வழி" என்று கத்திக்கொண்டே வருவார்களாம். கேட்காதவன் நடுவில் நின்றால் அவனும் போவான், தூக்கி வருகிறவனும் போவான். மேஸ்திரிக்குத் தெரிந்தால் வேலைக்கு வராதே என்பார். அதனால் எப்போதும் ஒரு கண்ணை உலைப்பக்கமே வைத்திருப்பாராம். மற்றபடி பவுண்டரியில் அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அந்த இரைச்சலில் அங்கே எல்லாருமே கையாலும் உதட்டாலும்தான் பேசிக்கொள்வார்கள்.

"அங்க இருக்கறப்ப எனக்கு ஒண்ணுமே ஆகாத மாதிரி இருக்குது. ஊட்டுக்கு வந்தாத்தான் பயமா இருக்குது" என்றார்.

ஹாரன் விஷயத்தையும் அவரே சொன்னார். அடித்தால் தன் காதில் ஒரு துளியாவது விழ வேண்டும், விழுந்தால் இன்னும் எல்லாம் போய்விடவில்லை என்று அர்த்தம்; அதற்காகத்தான் மாற்றினாராம். நம்மில் யாராவது அப்படி யோசித்திருப்போமா? ஹாரன் அடுத்தவருக்கு என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

ஆனைமலையில் கோயிலுக்கும் போனோம். பெண்கள் வரிசையில் நின்று மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள். நெடி கண்ணைக் கரித்தது. அம்மா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீ அரைக்கலையாம்மா?"

"யாரு மேல கண்ணு அரைக்கறது?" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே யோசித்துப் பார்த்து, யாரும் அகப்படாமல் சொன்ன மாதிரி இருந்தது. எனக்கு இந்த வயசில் சில பேர் அகப்படுகிறார்கள். காதில் வைத்துக்கொள்ள ஒரு பஞ்சுகூடக் கொடுக்காமல் அத்தனை வருஷம் இரும்பை அடிக்கவிட்டவர்கள். அன்றைக்கு அப்படி ஒரு கேள்வி இருப்பதே யாருக்கும் தெரியாது.

ஊர் திரும்பியதும் அப்பாவைக் கூட்டிப்போன மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். அப்பா மேஸ்திரியிடம் போய்ச் சொன்னார். மேஸ்திரி அவரை அனுப்பவில்லை. உலைக்குத் தூரமாக, பம்புகளுக்குப் பெயின்ட் அடிக்கிற இடத்துக்கு மாற்றினார். சம்பளம் குறைந்தது. மோட்டார் சைக்கிளை விற்று ஒரு மொபெட் வாங்கினோம். பள்ளிக்கூட மைதானத்தில் அம்மாவுக்கு அப்பாதான் ஓட்டப் பழக்கினார், கூடவே ஓடி ஓடி. எதிர்வீட்டு அத்தையிடம் அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். அதற்குப் பிறகு அத்தைக்கு அப்பாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், தெருவைத் தாண்டி வந்து அவர் முகத்துக்கு நேராக நின்று சொல்வாள். முன்னால் பேசிய பேச்சைப் பற்றி அவளும் எடுக்கவில்லை, அம்மாவும் எடுக்கவில்லை.

அம்மா முதன்முதலாக அப்பாவைப் பின்னால் உட்காரவைத்துப் பவுண்டரி கேட் வரைக்கும் ஓட்டிப் போன காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் மொபெட்டில் அம்மாவுக்கு முன்னால் நின்றுகொண்டு போனேன். வேலைக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பொம்பளை வண்டி ஓட்டி, புருஷன் பின்னால் உட்கார்ந்து வருவது அப்போது அங்கே வேடிக்கைதான். அப்பா இறங்கினார். தன் சத்தம் தனக்குத் தெரியாததால் கொஞ்சம் உரக்கவே பேசினார்.

"எனக்குக் காது கேக்காதுங்க. இனி இவதான் கூட்டிட்டு வருவா."

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் கலைந்து உள்ளே போனார்கள். அப்பாவும் போனார். ஒருவர் மட்டும் போகவில்லை. அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று வருஷக்கணக்காக அதே உளியும் சுத்தியலும் பிடித்தவர். தயங்கித் தயங்கி அம்மாவிடம் வந்தார்.

"ஏனுங் தங்கச்சி, எனக்கும் கொஞ்ச நாளா அப்படித்தானுங்க. ஊட்ல சொல்லலீங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியலீங்க."

"உங்க ஊட்ல அக்காவுக்கு இதுக்குள்ள தெரிஞ்சிருக்குமுங்ணா" என்றாள் அம்மா. "போயிச் சொல்லிப்போடுங்க."

உள்ளே கிரைண்டர் ஓட ஆரம்பித்திருந்தது. அவர் தலையைச் சாய்த்து, "என்னங்க?" என்றார்.

அம்மா மொபெட் என்ஜினை அணைத்தாள். என்னை வண்டியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இறங்கி, அவருக்கு நேர் எதிரே போய் நின்று, முதலிலிருந்து மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள்.